நீர்வழிச் செலவு

மலையில் பிறந்த நீருக்குப் பொறுமை இல்லை. பாறையைக் கண்டால் மோதும். பள்ளத்தைக் கண்டால் பாயும். வழி இல்லாவிடின் வெளியே குதிக்கும். பழனிமலைத் தொடரின் கீழ்ச்சரிவில், காப்பிச் செடிகளுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் மலைவாழைத் தோட்டங்களுக்கும் நடுவே பெரும்பாறை என்னும் சிற்றூர் உள்ளது. அதற்கு அணித்தே புல்லாவெளி என்னும் இடத்தில் ஓர் அருவி விழுகிறது. மழைக்காலத்தில் அதன் அருகே நிற்பவர் ஒருவர் பேசுவது மற்றவர் செவியில் விழாது. அத்துணை விரைவு, அத்துணை ஆரவாரம்! மலைநாட்டார் அறிந்த நீர் அதுவே.

அவ்வூரில் பிறந்த தமிழாசிரியர் ஒருவரும் அவர்தம் துணைவியாரும், நீர் ஆரவாரமின்றிப் படியிறங்கும் காட்சியைத் தம் இளமையில் ஒருநாள் கண்டனர். அக்காட்சி அவர்தம் இல்வாழ்க்கையையே நெறிப்படுத்தியது. அதனைக் கூறுவதே இக்கட்டுரை.

ஆசிரியர் சென்னைக்குச் சென்று வித்துவான் தேர்வில் தேறி, அங்கேயே ஒரு பள்ளியில் பணி ஏற்றவர். 1959-ஆம் ஆண்டு தைத் திங்களில் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. மணமகள் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வாய்ப்பில்லாதவர். பெரியோர் பேசி முடித்த திருமணம் அது. மணமான பத்தாம் நாள் இருவரும் சென்னை வந்து குடித்தனம் தொடங்கினர். ஆசிரியர் நாவன்மை மிக்கவர். பள்ளியில் பேசுவதைப் போன்றே வீட்டிலும் பேசினார். துணைவியாரோ எதற்கும் ‘ம்’ என்பதற்கு மேல் விடை கூறவில்லை. அடுப்பங்கரையில் நின்று கேட்பார், தலையசைப்பார், தம் வேலையைப் பார்ப்பார்.

ஒரு மாதம் கழிந்தது. ஆசிரியர் மனத்தில் கவலை குடிகொண்டது. ‘இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லையோ? அன்றி, நான் கூறுவது விளங்கவில்லையோ? வாழ்நாள் முழுதும் சுவரோடு பேசுவதுதான் என் விதியோ?’ என்றெல்லாம் அவர் எண்ணலானார். தம் கவலையைத் தம்மோடு பணிபுரிந்த முதிய ஆசிரியர் ஒருவரிடம் கூறினார். அம்முதியவர் நகைத்து, “மாமல்லபுரத்திற்கு அழைத்துச் செல்லும். ஆனால், பேருந்தில் செல்ல வேண்டா, படகில் செல்லும்” என்றார்.

அந்நாளில் சென்னையிலிருந்து மாமல்லபுரத்திற்குப் படகில் செல்லலாம் என்பது இன்றைய மாணவர்க்கு வியப்பாகத் தோன்றும். கடலில் அன்று, கால்வாயில். கடற்கரையை ஒட்டி, கரைக்கு இணையாக, வடக்கே ஆந்திர நாட்டுப் பெத்த கஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணப் பகுதிவரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளமுள்ள உப்புநீர்க் கால்வாய் ஒன்று செல்கிறது. அதுவே பக்கிங்காம் கால்வாய். 1806-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை பதினொரு மைல் வெட்டப்பட்டது அதன் முதற்கூறு. பின்னர் வடக்கும் தெற்குமாகச் சிறிது சிறிதாக அது நீண்டது. விறகும் உப்பும் நெல்லும் கிளிஞ்சலும் அதன்வழியே படகுகளில் சென்னைக்கு வந்தன. பாவேந்தர் பாரதிதாசனார் ‘மாவலிபுரச் செலவு’ என்று ஒரு பாடல் பாடியது இக்கால்வாயில் தாம் சென்ற படகுப் பயணத்தைப் பற்றியே.

மாசித் திங்களில் ஒருநாள் பிற்பகல், மயிலாப்பூரை அடுத்த ஒரு துறையில் இருவரும் படகேறினர். சவுக்கு விறகு ஏற்றி வந்து, இறக்கிவிட்டு, வெறுமையாகத் தெற்கே திரும்பும் படகு அது. படகுக்காரர் அறுபது வயதினர். அவருக்குத் துணையாக இளைஞர் இருவர். கட்டுச்சோறும் ஒரு பாயும் ஒரு கூசாத் தண்ணீருமே பயணிகளின் மூட்டை.

காற்று வாய்த்தபொழுது பாய் விரித்தனர். வாயாதபொழுது இளைஞர் இருவரும் கரையில் இறங்கி, நீண்ட கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு படகை இழுத்துச் சென்றனர். முதியவர் கழியூன்றிப் படகு கரையில் முட்டாதவாறு காத்தார். கரையில் நடந்து செல்லும் மனிதர் படகை எளிதிற் கடந்து சென்றனர். தலையிற் கூடை சுமந்த மூதாட்டி ஒருத்தியும் அதனை முந்திச் சென்றாள். ஆசிரியருக்கு இது பொறுக்கவில்லை. கைக்கடிகாரத்தை நோக்கினார், வானத்தை நோக்கினார், “இன்னும் எவ்வளவு தொலைவு?” என்று மும்முறை வினவினார்.

பொழுது போகாமையால் அவர் துணைவியார்க்குப் பாடம் நடத்தத் தொடங்கினார். “பயணத்தைப் பழந்தமிழர் செலவு என்றனர். நீரிற் செல்வனவற்றுக்குத்தான் நம் மொழியில் எத்தனை பெயர்கள்! ஓடம், தோணி, அம்பி, பஃறி, கலம், வங்கம், நாவாய் எனப் பலவாகும். இவற்றுள் ஆற்றுக்கு உரியது எது, கடலுக்கு உரியது எது என்று சொல் பார்ப்போம்?” என்றார்.

“ம்” என்றார் துணைவியார். அவர் பார்வை கயிறு இழுத்துச் செல்லும் இளைஞரின் தோள்களின் மீது இருந்தது.

அந்தி மயங்கும் வேளையில் படகு அடையாற்றை அணுகியது. அங்கே கால்வாயின் குறுக்கே பெரிய மரக்கதவுகள் நின்றன. கதவுகளைக் கடந்து படகு கல்லாற் கட்டிய ஒரு தொட்டி போன்ற இடத்தினுள் நுழைந்தது. நுழைந்ததும் பின்கதவுகள் மூடப்பட்டன. முன்னும் கதவு, பின்னும் கதவு, இருமருங்கும் சுவர். துணைவியார் அச்சத்தோடு படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

“இது லாக்கு, அம்மா. அஞ்ச வேண்டா” என்றார் படகுக்காரர்.

லாக்கு என்பது யாது? நீரில் மேடு பள்ளம் உள்ள இடத்தில் படகை ஏற்றி இறக்கும் படிக்கட்டே அது. கால்வாய் நீர் ஒரு மட்டத்தில் நிற்கும். அதனோடு கலக்கும் ஆறோ, கடலின் ஏற்றவற்றத்திற்கு ஏற்ப உயரும், தாழும். வற்றம் மிக்க வேளையில் கால்வாயை ஆற்றோடு திறந்துவிட்டால் கால்வாய் நீர் முழுதும் வடிந்துபோம். படகுகள் சேற்றில் அமர்ந்துவிடும். ஆதலின், இரு கோடியிலும் கதவுடைய ஒரு தொட்டியை இடையே கட்டுவர். உயர்ந்த நீரிலிருந்து வரும் படகு தொட்டியுள் புகுந்ததும் பின்கதவை அடைப்பர். முன்கதவின் அடியில் உள்ள சிறு மதகைத் திறப்பர். தொட்டி நீர் மெல்ல வெளியேறும். நீரோடு படகும் மெல்ல இறங்கும். உள்நீரும் வெளிநீரும் ஒரே மட்டம் ஆனதும் முன்கதவைத் திறப்பர். ஏறிவரும் படகிற்கு இம்முறையே தலைகீழாக நிகழும். எந்திரமும் நெருப்பும் வேண்டா. நீரின் இயல்பே வேலையைச் செய்துவிடும்.

இவ்வமைப்பை உலகிற்கு முதலில் அளித்தவர் சீனர். 984-ஆம் ஆண்டில் சியாவ் வெய்யுவே என்னும் அதிகாரி சீனப் பெருங்கால்வாயில் இத்தகைய இரட்டைக் கதவுத் தொட்டியை அமைத்தார். அதற்கு முன்னர்ச் சரக்குப் படகுகளைச் சரிவுகளின்மீது கயிறு கட்டி இழுத்தனர். படகுகள் உடைந்தன; உடைந்தபொழுது தானியம் களவு போயிற்று. இழப்பைக் கண்டு வருந்திய ஒருவரின் சிந்தனையில் உதித்ததே இக்கருவி. இன்று கடற்கப்பல்களை மலைமேல் ஏற்றி இறக்கும் பனாமாக் கால்வாயும் இதே முறையைக் கையாள்கிறது.

படகு இறங்கிக்கொண்டிருந்தது. சுவர்கள் உயர்வதுபோல் தோன்றின. கதவின் அடியில் நீர் ‘ஓ’வென்று இரைந்தது. ஆசிரியர் மீண்டும் கடிகாரத்தை நோக்கினார். இருள் சூழ்ந்துகொண்டிருந்தது.

“பெரியவரே, இன்னும் ஓர் அடி அளவுதானே வேறுபாடு? கதவைத் திறந்துவிட்டால் என்ன?” என்றார்.

“திறவாது, ஐயா” என்றார் படகுக்காரர்.

“ஆளுக்கு ஒரு கை கொடுத்தால் திறவாதா? நான் வேண்டுமானால் இறங்கித் தள்ளுகிறேன்.”

“நீங்கள் ஒருவர் அல்லர், நூறு பேர் தள்ளினாலும் திறவாது. ஒருபுறம் நீர் உயர்ந்தும் ஒருபுறம் தாழ்ந்தும் இருக்கும்வரை, உயர்ந்த நீரே கதவை அழுத்திப் பிடித்திருக்கும். மட்டம் ஒத்துவிட்டால் ஒரு சிறுவன் கை போதும். அதுவரை சிறு மதகைத் திறந்து வைத்துக் காத்திருப்பது ஒன்றே நம் வேலை.”

ஆசிரியர் வாய் மூடினார். சொல்லிய பொருளைக் காட்டிலும் அதிலே பொதிந்திருந்த பொருள் அவர் நெஞ்சைத் தாக்கியது. உயர்ந்த நீரே கதவை அழுத்திப் பிடிக்கிறது! ஒரு மாத காலமாகத் தாம் செய்துவந்தது யாது? தாம் கற்ற கல்வி, தாம் அறிந்த நூல், தம் நாவன்மை ஆகியவற்றின் உயரத்தில் நின்றுகொண்டு, ‘ஏன் இவள் வாய் திறக்கவில்லை?’ என்று தள்ளிக்கொண்டிருந்தார். அவர் தள்ளத் தள்ளக் கதவு இறுகியது. அது கதவின் குற்றமா?

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. நீரின் இரைச்சல் குறைந்தது, சலசலப்பாயிற்று, அதுவும் தேய்ந்தது. படகுக்காரர் இன்னும் கழியை எடுக்கவில்லை. அப்பொழுது இருளில் ஒரு மெல்லிய குரல் எழுந்தது.

“ஓசை அடங்கிவிட்டது. இனிக் கதவு திறக்கும்.”

பேசியவர் துணைவியார். படகுக்காரர் வியப்போடு அவரைத் திரும்பிப் பார்த்தார். கரையில் நின்ற லாக்குக்காரர் கதவின் நெடிய கைம்மரத்தில் தோள் கொடுத்தார். கதவு ஓசையின்றி அகன்றது.

“நாற்பது ஆண்டாக இதில் படகு விடுகிறேன். கண்ணால் மட்டம் பார்ப்பேனே அன்றிக் காதால் பார்த்ததில்லை. உனக்கு எப்படித் தெரிந்தது, தாயே?” என்று வினவினார் முதியவர்.

துணைவியார் தயங்கினார். ஆசிரியர் இம்முறை குறுக்கே பேசவில்லை, விடையை எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தார். அடையாற்றின் நடுப்பகுதிவரை படகு சென்றபின் விடை வந்தது. “எங்கள் ஊரில் அருவி உண்டு. மழை நாளில் ஓடையைக் கடக்க வேண்டுமென்றால் கண்ணை நம்பமாட்டோம். கலங்கிய நீரில் ஆழம் தெரியாது. ஓசையைத்தான் கேட்போம். ஓசையிலேயே, நீர் ஏறுகிறதா, இறங்குகிறதா, காலை வைக்கலாமா, நிற்க வேண்டுமா என்று என் தாய் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.”

அதே மலையில் பிறந்தவர் ஆசிரியரும். எனினும், ஓசையைக் கொண்டு நீரை அளக்கும் கலையை அவர் அறியார். நூல்களைக் கற்கப் புறப்பட்ட நாளிலேயே மலையைக் கற்பதை அவர் நிறுத்திவிட்டார்.

இரவு விரிந்தது. மீன்கள் துள்ளும் ஒலியும் கிழக்கே கடலின் முழக்கமும் தவிர வேறு அரவம் இல்லை. திருவான்மியூரைக் கடந்தபின் படகைக் கரையில் கட்டினர். உணவு உண்டபின் படகுக்காரர் ஒரு செய்தி கூறினார்.

“நீங்கள் ஏறிய துறை இருக்கிறதே, அந்த வாய்க்காலை என் பாட்டி வெட்டினாள், ஐயா. தாது வருடப் பஞ்சத்தில் வெட்டினாள். என் தந்தை அப்பொழுது கைக்குழந்தை. மண் கூடையைத் தலையில் சுமந்துகொண்டு, குழந்தையைத் தூளியில் தொங்கவிட்டு வேலை செய்தாளாம்.”

தாது வருடப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டியது. அப்பஞ்சத்தில் இந்திய நாட்டில் மாண்டவர் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டவர் என்பர். சென்னையில் பசித்து வந்தோர்க்கு வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஐந்து மைல் கால்வாய் 1877-78 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டது. அதுகாறும் வடக்கிலும் தெற்கிலும் தனித்தனியே கிடந்த கால்வாய்கள் இவ்விணைப்பால் ஒன்றாயின. அந்நாளில் ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு இடப்பட்டது. 1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பஞ்ச வேலை செய்த ஆடவன் ஒருவனுக்கு அரசாங்கம் வகுத்த நாட்கூலி, ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவும். மகளிர்க்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவு. ஓர் இராத்தல் ஏறத்தாழ 450 கிராம். நாள் முழுதும் மண் வெட்டிச் சுமப்பவர்க்கு அது எவ்வாறு போதும்? போதாது என்று அந்நாளிலேயே மருத்துவர் எடுத்துரைத்தனர். பின்னர்க் கூலி சற்று உயர்த்தப்பட்டது.

“கோமகன் பெயர் இருக்கிறது, பாட்டியின் பெயர் எங்கும் இல்லை” என்றார் படகுக்காரர். அவர் குரலில் சினம் இல்லை. “ஆனால், இந்த நீரில் கழியை ஊன்றும்போதெல்லாம் அவள் தோண்டிய மண்ணைத்தான் தொடுகிறேன்.”

பேருந்தில் சென்றிருந்தால் இரண்டு மணி நேரத்தில் மாமல்லபுரம் சேர்ந்திருக்கலாம். ஆனால், வழியை ஆக்கியவர் யார் என்பதை அறிந்திருக்க இயலாது. விரைந்து செல்பவனுக்கு வழி என்பது கழிந்து போகும் தொலைவு. மெல்லச் செல்பவனுக்கு அது மனிதர் உழைப்பு. அன்றிரவு ஆசிரியர் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டார்.

வைகறையில் முட்டுக்காட்டுக் கழியை அடைந்தனர். நாரைகள் ஆழமில்லா நீரில் ஒற்றைக்காலில் நின்றன. கேளம்பாக்கத்துப் பக்கம் உப்பளங்கள் வெள்ளித் தகடுகளாக விளங்கின. உப்பு ஏற்றிய படகுகள் கரையோரம் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. பட்டினப்பாலையில் உப்பை விற்று நெல்லைக் கொண்டுவந்த பஃறிகள், குதிரைகளைப் போலக் கட்டப்பட்டிருந்ததாகக் கூறப்பட்டிருப்பதை ஆசிரியர் நினைத்தார். சொல்ல வாயெடுத்தார், நிறுத்தினார். “உனக்கு இவை எவ்வாறு தோன்றுகின்றன?” என்று மட்டும் வினவினார்.

துணைவியார் சற்று நோக்கினார். “சந்தைநாளில் மலையிலிருந்து சுமை இறக்கும் மட்டக்குதிரைகளை வரிசையாகக் கட்டி வைத்திருப்பார்கள் அல்லவா? அவைபோல் இருக்கின்றன” என்றார்.

ஆசிரியர் வியந்து சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று துணைவியார் கேட்டார். அப்பொழுதுதான் அவர் பட்டினப்பாலைச் செய்தியைக் கூறினார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட புலவரும் ஐந்தாம் வகுப்புப் படித்த மலைமகளும் ஒரே காட்சியை ஒரே பொருளோடு ஒப்பிட்டனர். மட்டம் ஒத்தது, கதவு திறந்தது. அன்று பகல் முழுதும் துணைவியார் பேசினார், ஆசிரியர் கேட்டார்.

மாமல்லபுரத்தில் பல்லவர் செதுக்கிய பெரும்பாறைச் சிற்பத்தின் முன் இருவரும் நெடுநேரம் நின்றனர். பாறையின் நடுவே ஒரு பிளவு. அதன்வழியே மேலிருந்து நீர் இழிய, கங்கை வானிலிருந்து இறங்குவதாகச் சிற்பி அமைத்தான் என்று அறிஞர் சிலர் கூறுவர். “இந்த அருவியில் ஓசை இல்லை” என்றார் துணைவியார். “கல்லில் ஓசையைச் செதுக்க இயலாது அல்லவா?” என்றார் ஆசிரியர். “நமக்குத்தான் தெரியுமே, நாம் கேட்டுக்கொள்ளலாம்” என்றார் துணைவியார்.

அதன்பின் முப்பத்து நான்கு ஆண்டுகள் அவர்கள் சென்னையில் வாழ்ந்தனர். வீட்டில் கருத்து வேறுபாடு எழுந்தபோதெல்லாம், “லாக்கில் இருக்கிறோம்” என்று ஒருவர் கூறுவார்; மற்றவர் புன்னகை செய்வார்; இருவரும் காத்திருப்பர். வகுப்பில் வாய் திறவாத மாணவனை ஆசிரியர் வெகுண்டதில்லை. எளிய வினா ஒன்றைச் சிறு மதகாகத் திறந்துவைத்துக் காத்திருந்தார். அவரிடம் பயின்றோர் பலர், தாம் முதன்முதலாக வாய் திறந்து பேசியது அவர் வகுப்பிலேதான் என்று பிற்காலத்தில் நன்றியோடு கூறினர்.

இங்கிலாந்திலும் இத்தகைய செலவு ஒன்று நிகழ்ந்தது. டாம் ரோல்ட் என்பவரும் அவர் மனைவி ஆஞ்செலாவும் 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மணமான சில நாட்களில், ‘கிரெசி’ என்னும் ஒடுங்கிய படகையே இல்லமாகக் கொண்டு பான்பரி நகரிலிருந்து புறப்பட்டனர். அந்நாட்டுக் கால்வாய்களில் பல, ஏழடி அகலமே உள்ள லாக்குகளை உடையவை. அவற்றுள் நுழைவதற்கென்றே படகுகளும் ஒடுக்கமாகச் செய்யப்பட்டன. இரயிலும் பேருந்தும் பெருகியமையால் அக்கால்வாய்கள் அந்நாளில் தூர்ந்துகொண்டிருந்தன. ரோல்ட் தாம் கண்டவற்றை 1944-இல் நூலாக வெளியிட்டார். படித்தோர் நெஞ்சம் இளகியது. 1946-இல் உள்நாட்டு நீர்வழிகளைக் காக்க ஒரு சங்கம் தோன்றியது. அதனை நிறுவியவருள் ரோல்டும் ஒருவர். தொண்டர்கள் சேற்றில் இறங்கி மண்ணை அள்ளினர். உடைந்த கதவுகளைப் புதுக்கினர். தூர்ந்த கால்வாய்கள் பல மீண்டும் நீர் பெற்றன. இரண்டு மைலுக்குள் இருபத்தொன்பது லாக்குகள் படிப்படியாக அமைந்த டிவைசஸ் நகரக் கால்வாயும் அவ்வாறு உயிர்த்தெழுந்து, 1990-ஆம் ஆண்டில் முறைப்படி திறக்கப்பட்டது.

நம் கால்வாய்க்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. 1960-களின் நடுப்பகுதியிலும் 1976-இலும் வீசிய புயல்கள் அதனைச் சிதைத்தன. லாரிகள் பெருகின, படகுகள் குறைந்தன. நகரின் கழிவுநீர் அதில் கலந்தது. 1990-களில் சென்னையில் பறக்கும் இரயிலுக்குரிய தூண்கள் கால்வாயின் உள்ளேயே எழுந்தன.

ஆசிரியர் 1993-இல் ஓய்வுபெற்றுத் துணைவியாருடன் பெரும்பாறைக்குத் திரும்பினார். 2005-ஆம் ஆண்டில் உறவினர் திருமணம் ஒன்றன் பொருட்டு இருவரும் சென்னைக்கு வந்தனர். தாம் படகேறிய துறையைக் காண விரும்பினர். பாலத்தின்மீது நின்று நோக்கினர். கீழே கருநிறச் சேறு. அதன் நடுவே தூண்கள். அடையாற்றின் அருகே தாம் இறங்கிய லாக்கு எங்கிருந்தது என்பதை அவர்களால் அறிய இயலவில்லை. துணைவியார் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து செவி சாய்த்தார்.

“ஓசையே இல்லை” என்றார்.

ஆசிரியருக்கு விடை தோன்றவில்லை. மட்டம் ஒத்ததனால் அடங்கும் ஓசை வேறு; நீர் மாண்டதனால் அடங்கும் ஓசை வேறு. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைத் துணைவியார் முகத்தில் அவர் கண்டார். படகுக்காரரின் பாட்டி மண் சுமந்த இடம் அதுதான். ஓர் இராத்தல் தானியத்திற்கு அவள் வெட்டிய வழியை, வயிறார உண்டவர்கள் தூர்த்துவிட்டனர்.

அத்துணைச் சீர்கேட்டிலும் அக்கால்வாய் நன்றி மறக்கவில்லை. 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபொழுது, பெத்த கஞ்சாம் முதல் சென்னை வரை ஏறத்தாழ 310 கிலோமீட்டர் நெடுகிலும் இக்கால்வாய் பொங்கிவந்த கடல்நீரை ஏற்று, ஊர்களுக்குள் புகாதவாறு தடுத்துத் திரும்ப வடித்தது என்று ஆய்வாளர் எழுதினர். 2008-ஆம் ஆண்டில் இந்திய அரசு இதனைத் தேசிய நீர்வழி 4-இன் ஒரு கூறாக அறிவித்தது. அறிவிப்பு என்பது சிறு மதகைத் திறப்பது போன்றது; மட்டம் ஒக்கும்வரை உழைக்க வேண்டியவர் மக்களே.

சென்னையிலிருந்து திரும்பியபின் ஆசிரியர் இல்லத்தில் ஒரு புதிய வழக்கம் தோன்றியது. வீட்டின் பின்புறத்தில் மலையோடை நீரைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் சிறு வாய்க்கால் ஒன்று இருந்தது. சருகும் மண்ணும் மக்காத பைகளும் அடைத்து, நீர் வழிமாறிப் பாதையில் ஓடிற்று. நாள்தோறும் காலையில் இருவரும் அங்கே சென்றனர். ஆசிரியர் மண்வெட்டியால் மண்ணை எடுப்பார். துணைவியார் குப்பையைக் கூடையில் அள்ளுவார். எழுபது வயதினரின் வேலை. நாளொன்றுக்கு மூன்று முழம்கூட முன்னேறாது. எவரையும் அவர்கள் துணைக்கு அழைக்கவில்லை. எவரையும் குறைகூறவும் இல்லை.

பள்ளிக்குச் செல்லும் சிறுவர்கள் முதலில் நின்று பார்த்தனர். சிலர் நகைத்தனர். பத்து நாள் கழித்து ஒரு சிறுமி புத்தகப் பையை மேட்டில் வைத்துவிட்டுக் கூடையின் மறுகாதைப் பற்றினாள். மறுநாள் நால்வர் வந்தனர். ஒரு வாரத்தில் அவர்தம் தந்தையர் மண்வெட்டியோடு வந்தனர்.

அடைப்பு முழுதும் நீங்கிய நாளில் ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். துணைவியார் கொல்லைக் கதவருகே நின்று, உள்ளே திரும்பி, “கேட்கிறதா?” என்றார். ஆசிரியர் செவி சாய்த்தார். அருவியின் ஆரவாரம் அன்று. பாறைக்கும் மண்ணுக்கும் இடையே நீர் தன் வழியை அறிந்து நடந்து செல்லும் மெல்லிய ஓசை. ஐந்தாம் வகுப்புப் படித்த அவரிடம் ஆசிரியர் கற்ற பாடத்தில் தேறியிருந்தார்.

“கேட்கிறது” என்றார்.